தலை தட்டிய அளவு

அமிர்தத்தின் கையால் அளந்தால் ஒரு பிடியாவது கூடத்தான் வரும் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கும் அப்பால் இருக்கிற ஊர் அது. அறுப்பு முடிந்து களத்தில் கூலி நெல் அளக்க வேண்டிய நேரம் வந்தால், அறுத்த பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் "அமிர்தம் அளக்கட்டும்" என்பார்கள். அவள் மரக்காலை நெல்லில் அமுக்கி எடுப்பாள். மேலே இரண்டு கையாலும் அணைத்துக் கோபுரமாகக் குவிப்பாள். அது சரிவதற்குள் வாங்குகிறவளின் முந்தானையில் கொட்டி, போதாததற்கு ஒரு கை அள்ளியும் போடுவாள். வேலை செய்தவளுக்குத் தலை தட்டி அளப்பது, அவளைக் கேட்டால், பட்டப்பகல் திருட்டு.

நிலத்துக்காரர் கொளஞ்சியப்பன் அளப்பது வேறு மாதிரி. மரக்கால் நிறைந்ததும் அவருடைய உள்ளங்கை அதன் வாயை ஒரு முறை வழித்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு ஒரு நெல் மேலே நிற்காது. மனுஷர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கை அப்படிப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் அவருடைய கிணற்றடி நிலத்தை அமிர்தம் விளைச்சலில் பங்கு என்று பேசி வாரத்துக்கு எடுத்து, தனி ஆளாகவே சம்பா வைத்திருந்தாள். அவள் புருஷன் வீரமுத்து சென்னைப் பக்கம் செங்கல் சூளையில் இருந்தான். போகும்போதே பேசி முடித்துவிட்டுத்தான் போனான். இந்த ஒரு போகம் பார்க்கலாம், வெள்ளாமை தேறினால் அமிர்தமும் மகளும் ஊரிலேயே இருக்கட்டும். தேறாவிட்டால் பொங்கல் கழிந்ததும் இரண்டு பேரும் சூளைக்கு வந்துவிட வேண்டியதுதான்.

சூளை என்றால் என்னவென்று அமிர்தத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் அங்கே மண் மிதித்தவள் அவள். சூளைக்குப் போகிற பிள்ளைகள் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ஈரக் கல்லைத் திருப்பிப் போடக் கற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள். அவள் மகள் ஆறாம் வகுப்பு. காலையில் பஸ் பிடித்துக் கச்சிராயபாளையம் போய்ப் படித்துவிட்டு, சாயங்காலம் வந்து அங்கே நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லுவாள். அந்தப் பேச்சு நின்றுபோகக் கூடாது என்பதுதான் அமிர்தத்தின் வேண்டுதல். சாமிக்கு முன்னால் நின்றாலும் அவளுக்கு வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மழை அந்த வருஷம் மலையோடு மட்டும்தான் உறவு வைத்துக்கொண்டிருந்தது. தினம் மத்தியானம் மலை உச்சி கறுத்துவிடும், வெள்ளிமலைக்காரர்கள் நனைவார்கள், கீழே இருக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தது. மோட்டார் ஓடியது. நெல்லும் குற்றம் சொல்ல முடியாமல் கதிர் தள்ளி, பால் பிடிக்கிற பருவத்துக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் கடற்கரையில் எங்கோ புயல் கரை கடந்தது. இந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை, காற்று மட்டும் வந்தது. மோட்டார் கொட்டகையின் தகரக் கூரை பறக்காமல் இருக்க மேலே கல் தூக்கி வைத்திருந்தார்கள். காற்று தகரத்தைத் தூக்கியது, கல் உருண்டது, உருண்டது நேராகப் பம்பின் மேல் விழுந்தது. கூரையைக் காப்பாற்ற வைத்த கல். கூரையும் போய்விட்டது.

பம்பின் கழுத்தில், கிணற்றிலிருந்து வருகிற குழாய் சேரும் இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மயிரிழைதான். ஆனால் மோட்டாரைப் போட்டால் அந்த இழை வழியே காற்றை இழுத்தது. தண்ணீர் பாதிக் குழாய் ஏறிவிட்டுக் கீழே இறங்கிப் போனது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும், கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றான். கொளஞ்சியப்பன் வாங்கிப் போடச் சம்மதித்துவிட்டார். நெல் சம்மதிக்குமா? பால் பிடிக்கிற நேரத்தில் வேர் காய்ந்தால் கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதைச் சாவி என்பார்கள். சாவியை மாடுதான் தின்னும்.

"அதுவரைக்கும் ஒட்டுப் போட ஒண்ணும் இல்லியா?" என்று அமிர்தம் மெக்கானிக்கை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு டப்பா பசை கீது. ரெண்டையும் கலந்து பூசினா கல்லாயிடும். கள்ளக்குறிச்சியில ஜான் பாஷா கடையில கேளுங்க. புடிச்சாப் புடிக்கும்."

அவள் அன்றைக்கே பஸ் ஏறினாள். மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற ஜான் பாஷாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். அவர் இரண்டு சின்ன டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்றில் வெள்ளைப் பசை, ஒன்றில் கறுப்புப் பசை. கறுப்பு கெட்டியாக்குகிற மருந்து என்றும், இரண்டும் சரிசமமாக எடுத்துக் கலக்க வேண்டும் என்றும் சொன்னார். பூசுவதற்கு முன்னால் துரு போகத் தேய்த்து, பெட்ரோலால் துடைத்து, காயவிட வேண்டும். பூசினால் ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது.

அமிர்தம் உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்ததில் பம்பு பளபளவென்று ஆகிவிட்டது. பெட்ரோல் போட்டுத் துடைத்தாள், காயவிட்டாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பசையைக் கலந்து பூசி, மறுநாள் மும்முனைக் கரண்ட் வந்ததும் போய்த் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டியது. வேகாத களி மாதிரி இருந்தது. இருந்தாலும் நம்பிக்கை யாரை விட்டது, மோட்டாரைப் போட்டாள். வெடிப்பு ஒரு இழுப்பில் பசையை உள்ளே வாங்கிக்கொண்டு, பழையபடி சீறியது.

ஒரு நாள் போய்விட்டது. வயலில் மண் வெளுத்து, கோடு கோடாகப் பிளக்க ஆரம்பித்திருந்தது. அமிர்தம் பம்பிலிருந்து அந்தப் பிசுபிசுப்பைச் சுரண்டி ஒரு இலையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். வழியெல்லாம் ஜான் பாஷாவைக் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். வயிற்றெரிச்சல் பெரியதாக இருந்தது. பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது.

"இன்னா பாய், கெட்டுப்போன சரக்கக் கட்டிக் குடுத்துட்டீங்க. நேத்து பூசினது இன்னிக்கும் களியாட்டம் கீது. இத்தப் பாருங்க."

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜான் பாஷா கோபப்படவில்லை. இலையை வாங்கி, நகத்தால் அழுத்திப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார்.

"எப்டிம்மா அளந்தீங்க?"

"நான் ஒண்ணும் கம்மி பண்ணல."

"கம்மி பண்ணீங்களான்னு கேக்கல. எப்டி அளந்தீங்கன்னு சொல்லுங்க."

"வெள்ளையில ஒரு கரண்டி. கறுப்புதான கெட்டியாக்குதுன்னு சொன்னீங்க. வேல செய்யறது அதுதான? அதனால அதுக்கு ஒரு கரண்டி கோபுரமா வெச்சி, மேல கொஞ்சம் வழிச்சிப் போட்டேன். கைய இறுக்கல பாய். தாராளமாத்தான் போட்டேன்."

ஜான் பாஷா இலையைக் கீழே வைத்தார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டது அவர் கன்னத்தில் தெரிந்தது.

"அதுக்கு நீங்க கூலி அளந்துட்டீங்கம்மா."

அமிர்தத்துக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அளவில் ஒரே ஒரு தப்புதான் உண்டு, அது குறைவாக அளப்பது என்று பிறந்தது முதல் நம்பிக்கொண்டிருப்பவள்.

"ஜாஸ்தி போட்டா தப்பா பாய்?"

"இதுல தப்புதான். இது வேல செய்யறது, அது வேல வாங்கறதுன்னுலாம் இல்ல. ரெண்டும் ஜோடி. வெள்ள எத்தினி கீதோ, அத்தினிதான் கறுப்பு சேரும். மிச்சமா நிக்கறது ஜோடி கெடைக்காம நடுவுலயே பச்சையாக் கெடக்கும். அதுவும் காயாது, மத்ததையும் கெட்டியாவ வுடாது."

"கம்மியாப் போட்டா?"

"அப்ப வெள்ள மிச்சம் நிக்கும். அதே கததான்."

அமிர்தம் இலையை எடுத்து மடித்தாள். இத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. பம்பு தீராத நோயில் விழவில்லை, சரக்கிலும் குற்றமில்லை. கோளாறு தன் கையில்தான் என்றால், அந்தக் கை தன் பேச்சைக் கேட்காமலா போய்விடும்?

"சத்தம் போட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க பாய். இன்னொரு செட் குடுங்க. தராசுல வெச்சி நீங்களே சமமா எடுத்துக் குடுத்துடுங்க."

"தராசு வாணாம். சமம்னு சொல்றது அளவுக்கு, எடைக்கு இல்ல. ஒண்ணு கனம், ஒண்ணு லேசு. எடையில சமம் பண்ணப் போனா அளவுல மாறிப் பூடும்." ஜான் பாஷா உள்ளே போய்த் தேடிவிட்டு ஒரே ஒரு செட்டோடு வந்தார். "எங்கிட்ட இதான் கடைசி. இன்னொண்ணு வர வியாழக்கெழம ஆவும். பாத்துச் செய்ங்க."

வியாழக்கிழமைக்குள் வயல் சாவியாகிவிடும். அதை அவள் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். கடைப் பின்பக்கம் போய், காலி டானிக் பாட்டில்களிலிருந்து ஒரே அளவான இரண்டு மூடிகளைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

"வெள்ளைக்கு ஒரு மூடி, கறுப்புக்கு ஒரு மூடி. வெள்ளையில வுட்ட குச்சிய கறுப்புல வுடாதீங்க. உள்ள காத்து நிக்காம அமுக்கி ரொப்புங்க. ரொப்பிட்டு பிளேடால மேல வழிச்சுடுங்க."

"தலை தட்டச் சொல்றீங்க."

"ஆமா. மூடியில ஒட்டிக்கினு இருக்கறதையும் சுத்தமா வழிச்சிக் கலக்கணும். நெறம் ஒண்ணாவற வரைக்கும் கலக்குங்க, வெள்ளக் கோடு ஒண்ணுகூடத் தெரியக் கூடாது. மிச்சத்தை ஒரு கல்லுல அப்பி வைங்க. நாளைக்கு அத்த நகத்தால குத்திப் பாத்தா தெரிஞ்சிடும், பம்பத் தொட வேண்டியதில்ல."

மறுநாள் காலையில் மகளை பஸ் ஏற்றிவிட்டு அமிர்தம் கிணற்றடிக்கு வந்தாள். பழைய பசையை எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. காயவும் மாட்டேன் என்றது, கழற்றவும் விடமாட்டேன் என்றது. கத்தி முனையால் சுரண்டி, துணியால் இழுத்து, மறுபடி உப்புக் காகிதம், மறுபடி பெட்ரோல். இரும்பு வெள்ளையாக மின்னியதும் தரையில் சாக்கை விரித்து, இரண்டு மூடியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெள்ளையை அமுக்கி நிரப்பினாள். பிளேடால் வழித்தாள். வழித்ததும் பசை மூடியின் விளிம்போடு மட்டமாக நின்றது. பரவாயில்லை, இது சுலபம்தான் என்று நினைத்தாள். கறுப்பை எடுத்தாள். நிரப்பினாள். பிளேடை வைத்ததும் கை நின்றுவிட்டது. மேலே சின்னக் கோபுரமாக நிற்கிற அந்தக் கறுப்பை வழித்து எறிவதென்றால், முந்தானை விரித்து நிற்கிற ஒருத்தியின் முன்னால் மரக்கால் வாயைத் தட்டுவது போலவே இருந்தது அவளுக்கு. இத்தனை வருஷத்தில் அவள் கை செய்யாத காரியம்.

அந்த நேரம் பார்த்துக் கொளஞ்சியப்பன் வந்து சேர்ந்தார். துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"இன்னா அமிர்தம், இம்மாந்தூண்டு எடுத்தா எப்டி? கறுப்புதான கெட்டியாக்கறது? இன்னும் ஒரு கை தள்ளிப் போடு. சீக்கிரம் புடிச்சிக்கும்."

ஆயுசு முழுக்க மரக்கால் வாயை வழித்தே பழகிய மனுஷர். தாராளம் அவருக்கு முதல்முதலாக வந்தது, வரக் கூடாத இடம் பார்த்து வந்தது. அமிர்தத்துக்கு அந்த அவசரத்திலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வந்த சிரிப்பிலேயே கையும் இளகிவிட்டது.

"இல்லீங்க மாமா. இதுக்குத் தலை தட்டித்தான் அளக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பிளேடை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

கொளஞ்சியப்பன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வழித்த கறுப்பைச் சாக்கில் துடைத்துவிட்டு, அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இரண்டையும் ஒரு தகரத் துண்டில் கொட்டினாள். மூடியின் அடியில் ஒட்டியிருந்ததைக் குச்சி நுனியால் தேடித் தேடி எடுத்தாள். மடித்து, நசுக்கி, திருப்பி, மறுபடி மடித்தாள். வெள்ளைக் கோடுகள் மெலிந்துகொண்டே வந்தன. கை வலித்தது. "போதும்மா, ஆயிடுச்சி" என்றார் கொளஞ்சியப்பன். அவள் வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு வெள்ளை இழை இருந்தது. அதையும் உள்ளே தள்ளிக் கலக்கினாள். எல்லாம் ஒரே சாம்பல் நிறமான பிறகுதான் வெடிப்பில் அழுத்திப் பூசி, இரண்டு பக்கமும் அகலமாக இழுத்துவிட்டாள். மிச்சத்தை ஒரு கல்லில் அப்பி, பம்பின் பக்கத்திலேயே வைத்தாள்.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வயல் பக்கம் போகாமல் இருக்க வேலிமுள் வெட்டினாள், சாணி தட்டினாள். சாயங்காலம் மகள் வந்து அறிவியல் பாடத்தைப் பற்றி என்னவோ சொன்னாள். ஒன்றும் காதில் விழவில்லை. ஆனால் பேசிக்கொண்டே இரு என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் முதலில் கல்லைத்தான் எடுத்தாள். நகத்தால் குத்தினாள். நகம் வழுக்கியது. இன்னொரு கல்லால் தட்டினாள். டக் என்றது. கல்லைக் கல்லால் தட்டினால் வருகிற அதே சத்தம். அமிர்தம் அப்படியே கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். தலை தட்டி அளந்ததற்குப் பாவம் ஒன்றும் வந்துவிடவில்லை என்று தோன்றியது.

கரண்ட் வந்தது. குடத்தால் பம்புக்குத் தண்ணீர் ஊற்றி நிரப்பினாள், மூடியை இறுக்கினாள், ஸ்டார்ட்டரை அழுத்தினாள். மோட்டார் உறுமியது. ஒட்டின இடத்தில் காதை வைத்துக் கேட்டாள். சீறல் இல்லை. ஈர விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். இழுப்பு இல்லை. தொட்டியின் மேலிருந்த குழாய் வாய் ஒரு முறை இருமியது, காற்றைத் துப்பியது, இன்னொரு முறை இருமியது. அப்புறம் தண்ணீர் விழுந்தது. முதலில் கொஞ்சம் துருவோடு சிவப்பாக, பிறகு குழாய் முழுக்க அடைத்துக்கொண்டு வெள்ளையாக.

அமிர்தம் வாய்விட்டு அழுதாள். யாரும் இல்லை, இருந்தாலும் அழுதிருப்பாள். அழுதுகொண்டே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் ஓடினாள். காய்ந்த வாய்க்கால் தண்ணீரைக் குடித்துக் குடித்து மெதுவாகத்தான் விட்டது. அவள் மடையை வெட்டினாள், தண்ணீர் முதல் பாத்திக்குள் நுழைந்தது. பிளந்த மண்ணில் இறங்கும்போது சின்னச் சின்னக் குமிழியாக வந்தது. தண்ணீர் நுழைகிற இடத்திலெல்லாம் ஒரு மண்வாசனை எழும்பி அவள் மூக்கில் ஏறியது. மாசக் கணக்கில் தோளில் உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனதை அவள் உடம்பு உணர்ந்தது.

கொளஞ்சியப்பன் வரப்பில் வந்து நின்றார். ஒரு கதிரை விரலால் நசுக்கினார். வெள்ளைப் பால் வந்தது. இன்னும் இருக்கிறது.

"தப்பிச்சிடும்" என்றார். "இந்த ஈரம் போதும், மணி கட்டிடும். கோயம்புத்தூர் சாமான் வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். "அடுத்த போகத்துக்கும் வேற ஆள் யாரையும் நான் கேக்கல. நீயே பண்ணு."

"சரிங்க மாமா" என்றாள்.

கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் ஏறிவிட்டது. அமிர்தம் முகத்தைக் கழுவிக்கொண்டு, சேற்றுக் கையைப் புடவையில் துடைத்து, இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். வீரமுத்து உடனே எடுத்தான். மற்ற நாளில் சூளையில் வேலை நேரத்தில் அவன் போனை எடுப்பதே இல்லை; பம்பு வெடித்ததை அவள் சொன்னதிலிருந்து காத்துக்கொண்டிருந்தான் போல.

"இன்னா ஆச்சி?"

"தண்ணி பாயுதுங்க. கடைசி வரைக்கும் பாஞ்சிடுச்சி. மாமா வந்து பாத்தாரு, தப்பிச்சிடும்னாரு. அடுத்த போகமும் நம்மளையே பண்ணச் சொல்லிட்டாரு."

அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் எடுக்கிற ஒலி மட்டும் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது" என்றான். "மேஸ்திரி நேத்து ஒரு குடிசையக் காட்டி, உன் பொண்டாட்டி புள்ளைக்கு இதான்னுட்டாரு. மேல தகரம், கீழ மண்ணு. உள்ள போய் நின்னு பாத்தேன். அதுல இருந்து சோறே துன்னல நான்."

"நாங்க வரல" என்றாள் அமிர்தம்.

வீரமுத்து போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான் போலிருந்தது. அவன் குரல் கொஞ்சம் தள்ளி, ஆனால் தெளிவாக, சூளை முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"மேஸ்திரி, அந்தக் குடிசைய வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. எங்க வூட்டுல வரல."